குளத்துத் துணி விற்றவர்

நல்லெண்ணெய் பழசானால் ஒரு சிக்கு வாடை வரும். அது எல்லாருக்கும் தெரியும். ஆனால் அதே எண்ணெய் யாரோ ஒருவருடைய வியர்வையோடு சேர்ந்து ஈரத்துணியில் ஊறி, சாக்கு மூட்டைக்குள் நாலைந்து நாள் புழுங்கி, பிறகு சோடாத் தூளோடு அண்டாவில் வெந்து ஆவியாக எழும்பினால் வருகிற நாற்றம் எங்கள் தெருக்காரர்களுக்கு மட்டுமே தெரிந்தது. சுரக்குடியில் வாய்க்காலை ஒட்டியிருந்த எங்கள் தெருவில் காலையில் கண் விழிப்பதே அந்த நாற்றத்தில்தான். சோற்றைப் பிசைந்து வாயில் வைத்தால் சோற்றிலும் அதுதான். இன்றைக்கும் புதுச்சேரியில் நான் குடியிருக்கும் அடுக்ககத்தில் யாராவது சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு மாடிப்படியில் என்னைக் கடந்து போனால், மூச்சை அடக்கிக்கொண்டு சுவரோரம் ஒதுங்கிவிடுகிறேன்.

அந்த நாற்றத்துக்குச் சொந்தக்காரர் ரத்தினசாமி முதலாளி. காரைக்கால் கடைத்தெருவில் அவருக்கு ஜவுளிக்கடை இருந்தது. எங்கள் தெருக்கோடியில், வாய்க்கால் கரையில், தென்னங்கீற்று வேய்ந்த ‘வெள்ளாவிக் கொட்டகை’ இருந்தது. திருநள்ளாற்றுக்குச் சனி தோஷம் கழிக்க எங்கெங்கிருந்தோ வருகிறவர்கள் உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்துக் குளத்தில் முழுகி எழுந்து, உடுத்தியிருந்த துணியைக் கரையிலேயே கழற்றிப் போட்டுவிட்டு, மாற்றுத்துணி கட்டிக்கொண்டு சாமி பார்க்கப் போவார்கள். பிடித்த சனி அந்தத் துணியோடு போய்விட்டதாக நிம்மதி அவர்களுக்கு. அந்தத் துணி எங்கே போகிறது என்று அவர்களில் ஒருவரும் திரும்பிப் பார்த்ததில்லை. அது எங்கள் தெருவுக்கு வந்தது. முதலாளி ஆள் வைத்து அள்ளி, மாட்டுவண்டியில் ஏற்றி, எண்ணெய்த் தண்ணீர் வழி நெடுகச் சொட்டச் சொட்டக் கொண்டுவந்து கொட்டகையில் குவித்தார். ஊரில் அதற்கு ‘குளத்துத் துணி’ என்று பெயர்.

சனிப்பெயர்ச்சி வந்தால் வண்டி போய் லாரி வரும். அந்த நாட்களில் கொட்டகைக்குள் இடம் போதாமல் வாய்க்கால் கரை முழுக்க மலை மலையாகத் துணி கிடக்கும். வேட்டி, புடவை, பனியன், சின்னக் குழந்தையின் நாடா தைத்த ஜட்டி, எல்லாம் ஒன்றின்மேல் ஒன்று பின்னிப் பிசுபிசுவென்று. ஈக்கள் அதன்மேல் கறுப்பாகப் படிந்திருக்கும். தடியால் தட்டினால் எழும்பிப் பறந்து வந்து எங்கள் வீட்டுக் குழம்புச் சட்டியில் உட்காரும். வெந்த தண்ணீரை வாய்க்காலில்தான் திறந்துவிடுவார்கள். அதன் மேல் எண்ணெய்ப் படலம் வெயிலில் ஊதாவும் பச்சையுமாக மின்னும். அதில் குளித்த பிள்ளைகளுக்கெல்லாம் தொடையிடுக்கில் ‘சோடாச் சொறி’ வந்தது. மாடுகள் அந்தத் தண்ணீரை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். எங்களுக்கு அப்படித் திருப்பிக்கொள்ள வேறு வாய்க்கால் இல்லை.

வெந்து காய்ந்த துணியைத் தரம் பிரிப்பார்கள். கிழிந்ததெல்லாம் லாரி பட்டறைக்கு எண்ணெய் துடைக்கப் போகும். சுமாரானது மூட்டை கட்டிக் கிராமங்களுக்குப் போகும். கறை தெரிகிற நல்ல துணியை அரக்கிலோ கரும்பச்சையிலோ சாயம் முக்கி, கஞ்சி போட்டு, கரிப்பெட்டியால் தேய்த்து, உள்ளே அட்டை வைத்து மடித்து, குண்டூசி குத்தி, கண்ணாடித்தாள் உறையில் போட்டுக் கடைக்கு அனுப்புவார்கள். கடையில் அதற்கு ‘மில் கழிவு’ என்று பெயர். மலிவாகக் கிடைத்தால் ஜனங்கள் அதிகம் கேள்வி கேட்பதில்லை. தெரிந்தவர்கள் தெரியாத மாதிரி வாங்கினார்கள். தெரியாதவர்கள் புதுசென்றே நினைத்து மஞ்சள் தடவிக் கட்டினார்கள். மழைக்காலத்தில் மட்டும் மறைக்க முடியாது. நனைந்து வந்து வகுப்பில் உட்கார்ந்தால் யார் யார் மேல் குளத்துத் துணி என்று மூக்கு சொல்லிவிடும். எங்கள் டீச்சர் அந்தப் பிள்ளைகளை ஜன்னலோரமாக மாற்றி உட்காரவைப்பார். நானும் ஜன்னலோரம் உட்கார்ந்தவள்தான்.

முதலாளியைச் சின்ன வயதில் கிட்டத்தில் பார்த்திருக்கிறேன். ஒல்லியான உடம்பு, வெளுத்த கைத்தறி வேட்டி, நெற்றியில் கீற்றாக விபூதி. கொட்டகைக்கு வரும்போது மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டுதான் வருவார். பிரெஞ்சுப் பட்டாளப் பென்ஷன் வாங்கிக்கொண்டு பிரான்சில் இருக்கும் குடும்பம் ஒன்று கொண்டுவந்து கொடுத்த ‘யூடிகோலன்’ வாசனைத் தண்ணீர் அதில் தெளித்திருக்கும் என்று வேலைக்காரப் பெண்கள் சொல்வார்கள். அவர் வீட்டுக்குத் துணிமணி கும்பகோணத்திலிருந்துதான் வரும். தன் கடைத் துணியில் ஒரு கோவணத்துண்டுகூட அவர் உடம்பில் பட்டதில்லை. கடையில் புடவையைப் பிரித்துக் காட்டும்போது கட்டைவிரலை நாக்கில் தோய்த்துத் தோய்த்து மடிப்புகளைத் தள்ளுவார். அந்த எச்சில் விரல் ஒவ்வொரு மடிப்பிலும் ஈரமாகப் பதிவதைப் பார்த்துக்கொண்டே பெண்கள் ‘நல்ல கலருங்க’ என்பார்கள்.

என் அக்கா மல்லிகாவுக்கு அம்பகரத்தூர்ப் பக்கத்திலிருந்து ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளை கூட்டுறவுச் சங்கத்தில் வேலை பார்த்தார். எங்களைப் போன்ற குத்தகைக்கு உழுகிற குடும்பத்துக்கு அது பெரிய இடம். நிச்சயதார்த்தத்துக்குப் புடவை எடுக்க அப்பா முதலாளி கடைக்கே போனார். வேறு கடைக்குப் போக அவருக்குக் கூச்சம். “மல்லிகாவுக்கா? அது நம்ம பொண்ணு மாதிரி. புதுச் சரக்கு வந்திருக்கு, பாரு” என்று முதலாளியே எடுத்துக் கொடுத்தாராம். அரக்கு நிறத்தில், ஜரிகைக் கரை போட்ட ஆர்ட் சில்க். அம்மா அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, முகர்ந்தும் பார்த்தாள். கஞ்சி வாசனைதான் வந்தது. ஊதுவத்திப் பொட்டலத்தோடு பெட்டியில் வைத்தாள்.

நிச்சயதார்த்தம் சித்திரை மாதம். ஓட்டு வீட்டுக்குள் அவ்வளவு பேர் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். பின்கட்டில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அக்காவை உட்காரவைத்து மாப்பிள்ளையின் அத்தை பூ வைத்தார். பூ வைத்த கை அப்படியே நின்றது. அந்த அம்மாள் குனிந்து அக்காவின் தோளருகே மூக்கைக் கொண்டுபோய் முகர்ந்தார். பக்கத்தில் நின்ற எனக்கும் அப்போது தெரிந்துவிட்டது. அக்காவின் முதுகில் வியர்வை இறங்க இறங்க, கஞ்சி இளகி, எங்கள் தெருவின் நாற்றம் அந்த அரக்குப் புடவைக்குள்ளிருந்து மெல்ல எழும்பி வந்தது. அத்தை முந்தானையின் ஓரத்தைத் திருப்பிப் பார்த்தார். சாயத்துக்கு அடியில், ஏதோ ஓர் ஊரில் யாரோ ஒரு சலவைக்காரர் போட்ட குறி கறுப்பாகத் தெரிந்தது. முந்தானையை விட்டுவிட்டு, விரலைத் தன் புடவையில் துடைத்துக்கொண்டார்.

அதைவிட எனக்கு இன்றும் குமட்டுவது அதன் பிறகு நடந்ததுதான். அந்த அத்தை பின்கட்டுக்குப் போய்த் தன் ஆட்களிடம் கிசுகிசுத்தார்; அவர்கள் எல்லாரும் பந்தியில் உட்கார்ந்தார்கள். சாம்பாருக்கு இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். வடை, பாயசம், அப்பளம், எல்லாம் ஆயிற்று. வெற்றிலை போட்டுக்கொண்டார்கள். வாய் சிவந்த பிறகுதான் பெரியவர் ஒருவர் எழுந்து, “தப்பா நினைக்காதீங்க. சனியன் கழிச்ச துணியைக் கட்டிக்கிட்டுப் பொண்ணு மணையில உட்கார்ந்திருக்கு. இதை வீட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போக எங்களுக்குப் பயமா இருக்குங்க” என்றார். வாசலில் போய் எச்சிலைத் துப்பிவிட்டுச் செருப்பை மாட்டினார்கள். அக்கா மணையைவிட்டு எழுந்திருக்கவேயில்லை. நாற்றம் தெரிந்த நேரத்திலிருந்து அவளுக்கும் தெரிந்திருக்கிறது. எல்லாரும் சாப்பிட்டு முடிக்கிறவரை அந்தப் புடவையோடேயே உட்கார்ந்திருந்திருக்கிறாள்.

மறுநாள் காலை அம்மா புடவையைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு என்னையும் இழுத்துக்கொண்டு பஸ் ஏறினாள். முகூர்த்தக் காலம், கடை நிரம்பக் கூட்டம். அம்மா புடவையை மேசைமேல் எறிந்தாள்.

“இதை உங்க வீட்டுப் பொண்ணுக்குக் கட்டிவிடுவீங்களா முதலாளி?”

அவர் எழுந்திருக்கவில்லை. புடவையை ஒரு விரலால் தள்ளிவைத்தார்.

“துணிக்கு என்னம்மா தெரியும், யார் கழட்டிப் போட்டதுன்னு? வெந்தா எல்லாம் சுத்தம். நீ போய் உம் பொண்ணு ஜாதகத்தைப் பாரு.”

“சுத்தம்னா நீங்க எதுக்கு மூக்கைப் பொத்திக்கிட்டு வர்றீங்க?”

கடையிலிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். யாராவது ஏதாவது சொல்வார்கள் என்று நான் ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். ஒரு பெண் தன் கையிலிருந்த புடவையை ரகசியமாக மூக்கருகே கொண்டுபோனாள். பிறகு கடைப்பையனிடம், “இதுலயே நீலம் இருக்குமா தம்பி?” என்றாள். மற்றவர்களும் துணி பார்க்கத் திரும்பிவிட்டார்கள். முதலாளி கட்டைவிரலை நாக்கில் தோய்த்தார்.

நாலைந்து நாள் கழித்து அவரே எங்கள் வீட்டுக்குக் காரில் வந்தார். மூக்கில் கைக்குட்டையோடு இறங்கினார். தட்டில் பழமும் பூவும், கும்பகோணத்துப் பட்டுப்புடவை ஒன்றும் இருந்தன. “கடையில சின்னப் பசங்க மாத்தி எடுத்துக் கொடுத்துட்டானுங்க” என்றார். தன் கையாலேயே எடுத்துக் கொடுத்தது அப்பாவுக்குத் தெரியும். அம்மா உள்ளேயிருந்து வரவில்லை. அப்பா தோள்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, இரண்டு கையையும் நீட்டித் தட்டை வாங்கினார், வாங்கிக்கொண்டு, குனிந்தார். எனக்கு அப்போது பத்து வயதுகூட ஆகவில்லை. குனிந்த அந்த முதுகைப் பார்த்தபோது வயிற்றிலிருந்து ஏதோ புளித்து மேலே வந்தது. கொல்லைப்பக்கம் ஓடிப்போய் வாந்தி எடுத்தேன். அப்பாவைக் குறை சொல்லிப் பயனில்லை என்று இந்த வயதில் புரிகிறது. அவர் உழுத நிலத்தில் பாதி முதலாளியின் மைத்துனர் பெயரில் இருந்தது. புரிந்தாலும் அந்தப் புளிப்பு போகவில்லை. ‘பெரிய மனுஷர் வீடு தேடி வந்துட்டாரே’ என்று அப்பா சாகிறவரை நாலு பேரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்தப் பட்டுப்புடவையை அக்கா தொடவில்லை. அம்மா அதைக் கத்தரிக்கோலால் நாலாக வெட்டி மாட்டுத் தொழுவத்தில் போட்டாள். சாணிக் கையைத் துடைக்க அது ரொம்ப நாள் உழைத்தது.

அக்காவுக்குச் ‘சனிப்புடவை’ என்று பெயர் விழுந்துவிட்டது. தெருவில் அவள் எதிரே வந்தால் சில பெண்கள் நின்று, அவள் கடந்த பிறகு நடப்பார்கள். விற்றவர் வாசலில் அதே பெண்கள் தீபாவளிக்குத் துணி எடுக்க வரிசையில் நின்றார்கள். சில வருஷம் கழித்து, அம்பகரத்தூரில் சைக்கிள் கடை வைத்திருந்த ஒருவர் அவளைக் கேட்டு வந்தார். நெசவாளர் சொசைட்டியில் வாங்கிய சாதாரணப் பருத்திப் புடவையில் கல்யாணம் நடந்தது. அதன் பிறகு அக்காவிடம் ஒரு பழக்கம் வந்தது. எந்தத் துணியையும், குழந்தைக்குப் போடும் சட்டையானாலும் தலையணை உறையானாலும், முகத்தில் அழுத்தி ஒருமுறை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் உடுத்துவாள்.

முதலாளி வளர்ந்துகொண்டே இருந்தார். கடை மூன்று மாடி ஆயிற்று. சுனாமி வந்த மறுவாரம் நான் ஊரில் இருந்தேன். கிளிஞ்சல்மேட்டு மீனவர்கள் தங்கியிருந்த முகாமில் சாப்பாடு பரிமாற அலுவலகத் தோழிகளோடு போயிருந்தேன். முதலாளியின் பெயர் எழுதிய துணி கட்டிக்கொண்டு ஒரு வேன் வந்து நின்றது. புகைப்படக்காரர் தயாரானதும் முதலாளி இறங்கி, முதல் வரிசையில் நின்ற பெண்ணின் கையில் புடவையை வைத்தார். அந்தப் பெண் இரண்டு பிள்ளைகளைக் கடலில் விட்டவள் என்று பிறகு சொன்னார்கள். உறையைப் பிரித்தாள், ஒரு கணம் நின்றாள், புடவையை மணலில் போட்டாள்.

“கடல் எடுத்தது போதாதா? குளத்துல கழிச்சதையும் எங்க மேலதான் கொண்டாந்து கொட்டணுமா?”

வேன் காலியாகாமல் போகவில்லை. கொட்டிவிட்டுத்தான் போனார்கள். அந்தத் துணிகள் சாலையோரத்தில் வாரக்கணக்கில் மழையில் ஊறிக் கிடந்தன. நாய்கள் அதன்மேல் படுத்திருந்தன. படம் மட்டும் பத்திரிகையில் வந்தது. ‘வள்ளல்’ என்ற பட்டம் அவருக்கு அதற்குப் பிறகுதான் ஒட்டிக்கொண்டது.

தொண்ணூறைத் தாண்டிய பிறகு அவரைக் கடை வாசலில் ஒரு சாய்வு நாற்காலியில் உட்காரவைத்திருப்பார்கள். கண் பஞ்சடைந்து, வாயோரம் கஞ்சி வழிந்து, கால் நகங்கள் மஞ்சளாகக் கொம்புபோல வளைந்து வளர்ந்திருக்கும். கிழவரின் எச்சிலைப் பார்த்து நான் முகம் சுளிக்கவில்லை. அது எல்லாருக்கும் வரக்கூடியது. கடைக்கு வருகிறவர்கள் வரிசையாகக் குனிந்து அந்தக் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்களே, அதைப் பார்க்கத்தான் சகிக்கவில்லை. “சனிதானே ஆயுள்காரகன்! அவர் துணியை எடுத்து ஏழைங்களுக்குக் கொடுத்தவரு, அதான் ஆயுசைக் கொட்டிக் கொடுத்திருக்காரு” என்று ஊர்ப் பெரியவர்கள் விளக்கம் சொன்னார்கள். கொடுத்தவர் என்கிறார்கள். விற்றவர் என்று ஒரு வாயிலும் வரவில்லை.

போன தை மாதம் தொண்ணூற்றேழு வயதில் தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தார். வலியில்லை, இழுபறியில்லை. சுவரொட்டிகளில் ‘நூறாண்டு கண்ட வள்ளல்’ என்று போட்டார்கள். இல்லாத மூன்று வருஷத்தையும் ஊர் சேர்த்துக் கொடுத்தது. நான் துக்கம் கேட்கப் போகவில்லை. கல்யாணச் சாவு என்று பேண்டு வாத்தியமும் வெடியுமாகக் கொண்டுபோனார்களாம். வந்தவர்களெல்லாம் மாலைகளுக்கு மேல் கோடித்துணி போட்டுப் போட்டு உடம்பே தெரியவில்லையாம். போய்வந்த அக்காவின் மகன் சுரேஷ்தான் சிரித்துக்கொண்டே சொன்னான்: “சுடுகாட்டுல செம கூத்து சித்தி. கோடித்துணி வெட்டியாருக்குத்தானே சேரணும்? அவரு எடுக்கப் போனா, முதலாளி பையன், ‘டேய், எல்லாம் புது வேட்டிடா, வண்டியில ஏத்து’ன்னு கத்துறாரு. அப்பாவுக்குக் கொள்ளி வெச்ச அதே கையை நீட்டிக்கிட்டு.” நான் சிரிக்கவில்லை. கையிலிருந்த காப்பியைக் குடிக்க முடியாமல் கீழே வைத்துவிட்டேன்.

இப்போது கொட்டகை இல்லை. அண்டாக்களும் அந்த ஈக்களும் இல்லை. வாய்க்காலுக்குக் கான்கிரீட் கரை போட்டாயிற்று. சோடாச் சொறி என்றால் எங்கள் தெருப் பிள்ளைகளுக்குத் தெரியாது. கொட்டகை இருந்த இடத்தை முதலாளியின் பையன் மனை போட்டு விற்றுவிட்டார். நுழைவாயிலில் ஒரு வளைவு கட்டி, ‘வள்ளல் ரத்தினசாமி நகர்’ என்று பொன்னெழுத்தில் எழுதியிருக்கிறார்கள். அங்கேதான் சுரேஷும் ஒரு மனை வாங்கினான். வேறு இடமே கிடைக்கவில்லையா என்று நான் கேட்டதற்கு, பஸ்ஸுக்குப் பக்கம், தண்ணீர் நல்லாயிருக்கு என்றான். அஸ்திவாரம் தோண்டியபோது மண்ணோடு மண்ணாகப் பொத்தான்களும் ஜாக்கெட் கொக்கிகளும் துருப்பிடித்த ஜிப்புகளும் கூடை கூடையாக வந்தன. இடையிடையே கறுத்து அழுகிய துணிக் கட்டிகள். கொத்தனார்கள் மூக்கைச் சுளித்துக்கொண்டு அள்ளினார்கள். அக்கா வேலி ஓரம் நின்று, கடைசிக் கூடை போகிறவரை பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நாலு வண்டி ஆற்றுமணல் கொட்டச் சொன்னாள்.

கிரகப்பிரவேசப் பத்திரிகை அச்சுக்குப் போகும்முன் சுரேஷ் அதைப் படித்துக் காட்டினான். முகவரி வந்ததும் அக்கா கையை நீட்டி வாங்கி, நகரின் பெயரைப் பேனாவால் அடித்துவிட்டு, ‘சுரக்குடி வாய்க்கால் தெரு’ என்று எழுதினாள்.

“அம்மா, மேப்புல அந்தப் பேர்தான் இருக்கு. வர்றவங்க எப்படி வருவாங்க?”

“வழி தெரியாதவங்க கேட்டுக்கிட்டு வரட்டும்.”

இத்தனை வருஷத்தில் அந்த மனிதரைப் பற்றி என் அக்கா சொல்லி நான் கேட்டது அவ்வளவுதான். கிரகப்பிரவேசத்தன்று பாதி விருந்தாளிகள் வழி தவறி, ஊரெல்லாம் சுற்றி, ஹோமம் முடிந்த பிறகுதான் வந்து சேர்ந்தார்கள். அக்கா யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை. இலை போட்டு, உட்காரச் சொன்னாள்.